கரிசல் மெக்கானிக்கின் கடல் வேலைகள்

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் சாத்தூரைத் தொட்டுக்கொண்டு ஓடும் வைப்பாறு, தண்ணீர் வருகிற வருஷங்களில், விளாத்திகுளம் பக்கமாக இறங்கி மன்னார் வளைகுடாவில்தான் போய்ச் சேர்கிறது. ஏறத்தாழ அதே வழியில்தான் நானும் கடலுக்குப் போனேன்.

சாத்தூரில் நான் தொழில் பழகிய லேத் பட்டறைக்குச் சோறு போட்டவை கிணற்று ஆயில் எஞ்சின்கள். போர் தேய்ந்தால் ஸ்லீவ் மாற்றுவோம், நாசில் அடைத்தால் கழற்றிச் சுத்தம் செய்வோம், கிராங்க் கடைவோம். 1990-இல் விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம் வந்தபின் கரிசல் காட்டில் ஆயில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிட்டது. கிணற்றங்கரையில் நின்ற அதே மாதிரி டீசல் எஞ்சின்களைக் கடற்கரையில் வள்ளங்களுக்குள் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் மெக்கானிக்கும். எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாக வேம்பாருக்குப் போய்வரத் தொடங்கினேன். அங்கிருந்து தெற்கே தருவைகுளம், வடக்கே மூக்கையூர் வரைக்கும் வேலை இருந்தது. டீசலில் ஆரம்பித்து, பின்பலகையில் மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சின், கடைசியில் படகின் உடம்பு என்று கை நீண்டுவிட்டது.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் பைபர் படகுகள் குவிந்தன. நிவாரணமாக வந்தவற்றில் நல்லவையும் இருந்தன, அவசரத்தில் வார்த்தவையும் இருந்தன. வார்ப்பில் கஞ்சத்தனம் செய்த படகை வெயிலில் நிறுத்தி உள்ளே உட்கார்ந்து பார்த்தால் தெரியும்; சில இடங்களில் பக்கச்சுவர் வழியாக வெளிச்சம் கூடுதலாக ஊடுருவும். அந்தப் படகுகள்தான் எனக்குப் பள்ளிக்கூடம்.

வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒன்றைத்தான். “அண்ணாச்சி, பத்தை எறக்கிட்டுப் பதினஞ்சு மாட்டிருவோமா? வலையும் ஆளும் ஏறினா ஓட மாட்டேங்கு.” குதிரைத்திறனைக் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை. நான் உடனே பதில் சொல்வதில்லை. “படகத் தண்ணியில எறக்குங்க, வலையோட ஒரு சுத்துப் போயிட்டு வருவோம்” என்பேன்.

போகும்போது எஞ்சினைப் பார்க்க மாட்டேன். முன்னால் அணியம் எவ்வளவு தூக்குகிறது, பின்னால் அலை எவ்வளவு உயரமாக எழும்புகிறது என்றுதான் பார்ப்பேன். படகோட்டி பின்னால் உட்கார்ந்திருப்பார். பெட்ரோல் டேங்க் அவர் காலடியில் இருக்கும். பேட்டரியும் ஐஸ் பெட்டியும் அங்கேதான். எஞ்சினோ பின்பலகையில் தொங்குகிறது. இத்தனை பாரமும் பின்னால் இருந்தால் படகு பின்பக்கம் குந்திக்கொண்டு, தான் எழுப்பிய அலையின் மேட்டில் தானே ஏறப் பார்க்கும். முதல் வேலை காசில்லாத வேலை: ஐஸ் பெட்டியை நடுவுக்கு நகர்த்து, டேங்கை ஒரு நீளக் குழாய் போட்டு முன்னால் கொண்டுபோ. படகோட்டியும் கொஞ்சம் முன்னால் உட்கார வேண்டும் என்றால் ஸ்டியரிங் கைப்பிடியில் ஒரு துண்டு பி.வி.சி. பைப்பைச் செருகி, கிளாம்பு போட்டு நீட்டிக்கொள்ளலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு. ஆனால் பைப்பை நீட்டியவர் எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றையும் நீட்டியாக வேண்டும். அந்தக் கயிறு இடுப்பில் கொக்கி மாட்டுவதற்கு. ஆள் கடலில் விழுந்தால் கயிறு பிடுங்கி எஞ்சின் நின்றுபோகும். பெரும்பாலான படகுகளில் அது எஞ்சின் மேலேயே சுற்றிக் கிடக்கும். ஆளில்லாமல் வட்டமடிக்கும் படகு விழுந்தவனிடமே திரும்பி வரும் என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பழையபடி எஞ்சினில்தான் சுற்றியிருக்கும். அதற்கு மேல் என் கையில் ஒன்றுமில்லை.

இரண்டாவது, எஞ்சின் உட்கார்ந்திருக்கும் உயரம். நம் ஊர்களில் இதைப்போல் அலட்சியம் செய்யப்படும் விஷயம் வேறில்லை என்பது என் கட்சி. தண்ணீருக்குள் சுற்றும் காத்தாடிக்கு நேர் மேலே எஞ்சின் காலில் ஒரு தட்டைத் தகடு இருக்கும். மேலிருந்து காற்று காத்தாடிக்குள் இறங்காமல் அதுதான் தடுக்கிறது. அந்தத் தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாக, அல்லது மிஞ்சிப்போனால் ஓர் அங்குலம் கீழே இருக்க வேண்டும். அவுட்போர்டு எஞ்சின் 15 அங்குலப் பின்பலகைக்கு ஒரு கால், 20 அங்குலப் பலகைக்கு ஒரு கால் என்று வருகிறது. செகண்ட் ஹேண்டில் கிடைத்தது என்று நீளக் கால் எஞ்சினை வாங்கிவந்து குட்டைப் பலகையில் மாட்டினால், ஐந்து அங்குலக் காலைத் தண்ணீருக்குள் வீணாக இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று அர்த்தம். அதற்கும் சேர்த்துத்தான் எரிகிறது எண்ணெய். குட்டைக் காலை உயரப் பலகையில் மாட்டினால் கதை வேறு. அலையில் காத்தாடி காற்றைக் குடித்து வீணாகச் சுற்றும், எஞ்சின் அலறும், படகு நகராது.

சரிசெய்வதற்குத் தேவை ஒரு நீளமான நேர்சட்டமும் கொஞ்சம் பொறுமையும். படகைக் கரையில் ஏற்றி, சட்டத்தை ஏரா எனும் அடித்தண்டு ஓரமாக அடியில் பிடித்துப் பின்பக்கம் நீட்டினால் தகடு மேலா கீழா என்று தெரிந்துவிடும். தாழ்ந்திருந்தால் பின்பலகை விளிம்பில் அரை அங்குலக் கட்டை வைத்து எஞ்சினை உயர்த்தி, கடலில் ஓட்டிப் பார். போதாதென்றால் இன்னும் அரை அங்குலம். திருப்பத்தில் காற்றைக் குடிக்க ஆரம்பித்தால் ஒரு கட்டையை எடுத்துவிடு. கட்டைக்கு வேம்பு ஆகாது, ஊறிப்போகும். தேக்குத் துண்டு, அல்லது பழைய பைபர் துண்டுகளை ஒட்டிச் செய்தது நிற்கும். எஞ்சினைக் கிளாம்பு மட்டும் பிடிக்கும் என்று நம்பிவிடாமல் ஒரு காப்புக் கயிற்றால் படகோடு கட்டிவிட வேண்டும்.

அடுத்தது காத்தாடியின் பிட்ச். அதன் மேல் இரண்டு எண் பொறித்திருக்கும். ஒன்பதேகால் பெருக்கல் ஒன்பது என்றால் முதலாவது விட்டம். இரண்டாவது, ஒரு சுற்றில் நழுவாமல் போனால் எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. கடையில் எஞ்சினோடு வரும் காத்தாடி இலேசான படகுக்குப் பொருத்தமாக இருக்கும். வலை, ஐஸ், நாலு ஆள் ஏறும் படகில் அதே காத்தாடி எஞ்சினை அமுக்கிவிடும். முழு ஆக்சிலேட்டரில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று வர வேண்டும் என்று எஞ்சின் புத்தகத்தில் போட்டிருக்கும். நான்கு ஸ்ட்ரோக் சின்ன எஞ்சின்களில் பெரும்பாலும் 5000-க்கும் 6000-க்கும் இடையில். ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றி வைக்கிற சின்ன மீட்டர் ஒன்று கிடைக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு முழுச் சுமையோடு போய்ப் பார்த்தால் 4500-ஐத் தாண்டாமல் திணறும். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்த காத்தாடி மாட்டினால் 150 முதல் 200 சுற்று வரை ஏறும். பதினைந்து குதிரை கேட்டு வந்த பல பேருக்கு நான் மாற்றிக் கொடுத்தது காத்தாடிதான்.

எஞ்சினைப் பெரிதாக்கினால் என்ன குறை என்று கேட்கலாம். தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் படகுக்கு ஒரு வேக எல்லை உண்டு. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வரும். 25 அடிக்கு வர்க்கமூலம் 5, வேகம் 6.7 நாட், அதாவது மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். வெறும் படகு மெல்லிசாக இருந்தால் தண்ணீர் மேல் எழும்பிச் சறுக்கும், இந்த எல்லையைத் தாண்டும். சுமை ஏறிய படகு எழும்பாது. அதற்கு மேல் கொட்டுகிற எண்ணெயெல்லாம் பின்னால் அலையாகத்தான் போகிறது. 1980-களில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய உணவு வேளாண் நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டத்தில் குல்பிராண்ட்சன் என்ற நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் இருந்தார். சின்ன மீன்பிடிப் படகில் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி அவர் 1986-இல் எழுதிய கையேடு, என் மாதிரி ஆட்களுக்கும் புரிகிற படங்களோடு இருக்கும். மெதுவாகப் போ, அடியைச் சுத்தமாக வை, காத்தாடியைப் பொருத்தமாகப் போடு என்பதுதான் அதன் சாரம். எஞ்சினுக்கு வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் அதே தூரத்துக்கு எண்ணெய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். மீனோடு முந்தி வந்தவனுக்குத்தான் விலை என்கிற ஏலக்கூடத்தில் இந்தக் கணக்கு எடுபடாது என்பதும் எனக்குத் தெரியும். “வரும்போது முந்துங்க அண்ணாச்சி, போகும்போது எதுக்கு?” என்று மட்டும் சொல்லிவைப்பேன்.

இனி ஒட்டு வேலை. கடலடிப் பாறைப் பார் மேல் ஏறி அடிபட்ட படகு, கரையில் இழுத்து இழுத்து ஏரா தேய்ந்த படகு எல்லாம் இதில் அடக்கம். பைபர் ஒட்டுக்கு மூன்று பாட்டில் வேண்டும். தேன் பதத்தில் ரெசின், ஊதா நிறத்தில் கோபால்ட், தண்ணீர் மாதிரி கேட்டலிஸ்ட். கிலோ ரெசினில் முதலில் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். அது முழுக்கக் கரைந்த பிறகுதான் கேட்டலிஸ்ட். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேராகச் சந்திக்கவே கூடாது. ஒரே கிண்ணத்தில் இரண்டையும் ஊற்றினால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். கடற்கரையில் இதைச் சொன்னால், “ஒட்டு மருந்துதானே அண்ணாச்சி” என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. என் அப்பா, பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசுத் தொழிற்சாலையில், மருந்து அறையில் வேலை பார்த்தவர். குளோரேட்டும் கந்தகமும் சேரக் கூடாது என்பதைச் சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்த வீடு எங்களுடையது. அங்கே ஒவ்வொரு அறைக்கும் எத்தனை ஆள், எவ்வளவு மருந்து என்ற அளவு உண்டு, அது வெளியே எழுதிப் போட்டிருக்கும். அந்தப் பழக்கத்தில்தான் என் பட்டறையில் கோபால்ட் ஒரு அலமாரியில், கேட்டலிஸ்ட் எதிர்ச் சுவரில் நிழலான மூலையில். அளக்கும் ஊசிகள் இரண்டு, ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் வெள்ளை நூல் கட்டியிருக்கும். கேட்டலிஸ்ட் தொடும்போது கண்ணாடி போடாத பையனை வேலைக்கு விடுவதில்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தால் பார்வையே போகலாம்.

அளவு, கிலோ ரெசினுக்குப் பத்திலிருந்து இருபது மில்லி கேட்டலிஸ்ட். சித்திரை வெயிலில் பத்துகூட அதிகம்தான். கலந்து திரும்புவதற்குள் மக்கிலேயே கெட்டியாகி, புகைய ஆரம்பிக்கும். ஆகவே அரை அரைக் கிலோவாகக் கலக்க வேண்டும், ஆழமான வாளியில் வைக்காமல் அகலமான தட்டில் ஊற்றி வைக்க வேண்டும். விடியற்காலை வேலை எல்லாவற்றுக்கும் நல்லது.

உடைந்த இடத்தை நேரடியாக ஒட்டினால் ஒரு பருவம்கூடத் தாங்காது. முதலில் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, இரண்டு மூன்று வெயில் காயவிட்டு, உள்ளும் புறமும் சரிவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவு என்பது கணக்கு. ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள பக்கத்துக்கு, ஓட்டையைச் சுற்றி அறுபது மில்லிமீட்டர். பார்ப்பதற்குச் சின்ன ஓட்டைக்காக இவ்வளவு பெரிய இடத்தைத் தேய்க்கிறானே என்று படகுக்காரருக்கு வயிறு எரியும். அதன் பிறகு அசிட்டோன் துடைப்பு. பிறகு 450 கிராம் கண்ணாடி மேட். ஒரு அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் கொடுக்கும், அப்படி ஐந்து அடுக்கு. ஒவ்வோர் அடுக்குக்கும் உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். மேட்டின் வெள்ளை மறைந்து கண்ணாடிபோல் ஆனால்தான் ரெசின் குடித்திருக்கிறது என்று பொருள். ஒருவர் மேட் விலை கட்டுபடியாகவில்லை என்று எங்கள் மாவட்டத்துச் சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி வாங்கிவந்து ரெசினில் நனைத்து ஒட்டியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பருத்திக்கு அந்த வலு கிடையாது, ஈரம் ஏறினால் உள்ளே மக்கும். ஒரு குத்தூசியால் நான் தொட்டதும் பெயர்ந்து வந்துவிட்டது.

விருதுநகர்ச் சரக்குகளில் கடலுக்கு உண்மையிலேயே உதவியது ஒன்றுண்டு, காலி எண்ணெய்க் கேன். விருதுநகர் எண்ணெய்க்கும் பருப்புக்கும் வத்தலுக்கும் பேர்போன ஊர், கேனுக்குப் பஞ்சமில்லை. மரவள்ளம் கவிழ்ந்தாலும் மிதக்கும். பைபர் அப்படியல்ல, நிறையத் தண்ணீர் ஏறினால் அடியோடு போய்விடும். நானூறு கிலோ பைபர் உடம்பு தண்ணீருக்குள் ஏறத்தாழ நூற்றிமுப்பது கிலோ எடை காட்டும். எஞ்சின், பேட்டரி, நங்கூரம் எல்லாவற்றையும் அதோடு சேர்த்து மொத்தம் இருநூறு என்று வையுங்கள். மூடி இறுகிய இருபது லிட்டர் கேன் ஒன்று, தன் எடை போகப் பத்தொன்பது கிலோவைத் தாங்கும். பதினோரு கேன் இருந்தால் படகு மூழ்காமல் கிடக்கும். பிடித்துக்கொண்டு தொங்குகிற ஆளுக்காக இன்னும் இரண்டு போடு. எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். தரையில் வைத்தால் தண்ணீர் நிரம்பியதும் கேன் மேலே வரப் பார்த்துப் படகையே புரட்டிவிடும். இருக்கைப் பலகைக்கு அடியில், இரண்டு பக்கச்சுவரையும் ஒட்டி, எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே, நைலான் கயிற்றால் வரிந்து கட்ட வேண்டும். மூடிக்குள் சீலன்ட் தடவித் திருக வேண்டும்.

தெர்மகோல் போடலாமே என்பார்கள். பெட்ரோல் பட்டால் தெர்மகோல் கரைந்து கூழாகிவிடும். அதன்மேல் ரெசின் ஊற்றி மூடப் பார்த்தாலும் அதே கதி, ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அதைத் தின்றுவிடும். தெர்மகோலை வைத்து மூடிய பெட்டியை அறுத்துப் பார்த்தால் உள்ளே வெறும் பள்ளமும் ஒரு மஞ்சள் பிசினும் இருக்கும். செலவழிக்க மனமிருந்தால் பாலியூரிதேன் போம் நல்லது. இல்லாவிட்டால் எண்ணெய்க் கேன்.

கரண்ட் வேலையில் நான் கொஞ்சம் கெடுபிடி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் படகின் அடியில், காற்றுப் புகாத இடத்தில் போய்த் தேங்கும். அங்கேதான் நம்மாட்கள் பேட்டரியை வைக்கிறார்கள். அங்கேதான் தண்ணீர் இறைக்கிற மோட்டாரின் வயரை முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். உப்புக் காற்றில் அந்த முறுக்கு ஒரு மழைக்காலத்துக்குள் பச்சை பூத்துச் சூடேறும். பயர் ஆபீஸில் இரும்புச் சாமான் உள்ளே வராது. பித்தளை, மரம், கட்டாயம் பருத்தி உடுப்பு. உள்ளே நுழையும்போது செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்னைத் தரைக்கு விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே பழகிய கண்ணுக்கு இந்தப் படகுகளைப் பார்த்தால் பதறும்.

ஆகவே என் ஒழுங்கு இது. பேட்டரி மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள், டேங்கைவிட்டுத் தள்ளி, உயரத்தில். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ். விளக்குக்கும் சின்ன பம்புக்கும் ஐந்து ஆம்பியர் போதும். பியூஸ் போனால் சிகரெட் பேப்பர் தகட்டைச் சுற்றும் வித்தையை யாராவது செய்வார்கள் என்பதால் பெட்டிக்குள்ளேயே நாலு பியூஸ் சொருகி வைத்துவிடுவேன். வயர் வெள்ளீயம் பூசிய செம்பு. இணைப்பு முறுக்கில்லை, கிரிம்ப் செய்து, உள்ளே பசை தடவிய சுருங்கும் டியூப் போட்டுச் சூடுகாட்ட வேண்டும். சுவிட்சுக்கு இறங்கும் வயரை முதலில் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும், தண்ணீர் வயர் வழியாக உள்ளே போகாமல் வளையத்தில் சொட்டிவிடும். கார் ரிலேயைப் படகுக்குள் மாட்ட நான் சம்மதிப்பதில்லை, ஒவ்வொரு முறையும் அது உள்ளே பொறி விடும். பெட்ரோல் கேனைப் பங்கிலும் சரி, கடற்கரையிலும் சரி, தரையில் வைத்து நிரப்பச் சொல்வேன். வேன் மேல் இருக்கும்போதே நிரப்பினால் கேனில் ஏறும் நிலைமின்னுக்கு வடிகால் கிடையாது.

எரிபொருளில் இப்போது ஒரு புதுத் தலைவலி. பங்குகளில் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பெரும்பாலான அவுட்போர்டு கம்பெனிகள் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் பாதி டேங்கோடு நீண்ட நாள் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கலாம், எஞ்சின் முதலில் அதைத்தான் குடிக்கும். பழைய ரப்பர் குழாயும் ஊதிப் பிசுபிசுத்துப்போகும். தண்ணீர் பிரிக்கும் பில்டர் ஒன்றைக் குழாய் வழியில் வைப்பதும், எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுவதும் இன்றைக்குச் சின்னப் படகில் செய்யக்கூடிய முதல் தரமான செலவு. கரைக்கு வரும்போது குழாயைக் கழற்றிவிட்டு கார்புரேட்டரில் இருப்பது தீரும் வரை ஓட்டி நிறுத்துவது காசில்லாத வேலை. மண்ணெண்ணெய் எஞ்சின்காரர்களுக்கு இது ஏற்கெனவே பழக்கம். அவர்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு வருவார்கள். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறக்க மறந்து, நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது என்று போன் போடுகிறவர்கள் இன்றும் உண்டு. அதற்கு மருந்து மூடிக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு அம்புக்குறி.

சின்னச் சின்னதாக இன்னும் இருக்கிறது. எஞ்சின் காலில் இருக்கும் துத்தநாகக் கட்டி உப்புத் தண்ணீர் அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு அலுமினியத்தைக் காப்பாற்றும். அழகுக்காக அதன் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். எஞ்சின் பக்கத்தில் பீச்சுகிற குளிர்நீர் நின்றால் கடற்புல் அடைத்திருக்கும். ஒரு துண்டு தங்கூசியை உள்ளே விட்டால் திறந்துகொள்ளும். காத்தாடி பின் உடைந்தால் ஆணியைச் செருகக் கூடாது. அது உடைவதற்கென்றே இருப்பது, ஆணி உடையாமல் கியரை உடைத்துவிடும். பதிவு எண்ணுக்குச் சிவகாசியில் எவ்வளவு பளபளப்பான ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தாலும் உப்பில் உரியும். பெயின்ட்தான் நிற்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தெருக்களிலும் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் ஆட்களை மீட்க மீனவர்கள் தங்கள் பைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தச் சமயத்தில் என்னிடம் வந்த கேள்விகள் எல்லாம் புதுசு. கடலில் காத்தாடிக்கு வலைத்துண்டுதான் எதிரி. தெருவில் கேபிள் டி.வி. வயர், சேலை, சாக்கு. கடலில் ஆள் காத்தாடிப் பக்கத்தில் வருவதில்லை. வெள்ளத்தில் ஆட்கள் படகின் நாலு பக்கமும் தொங்குவார்கள். எட்டு மில்லிமீட்டர் கம்பியை வளைத்துக் காத்தாடியைச் சுற்றி ஒரு கூண்டு பற்றவைத்துக் கொடுத்தேன். வேகம் குறையும், குறையட்டும். படகின் இரண்டு பக்கமும் வெளியே தொய்வான கயிற்றை வளையம் வளையமாகக் கட்டிவிட்டோம், தண்ணீரில் இருப்பவர் பிடித்துக்கொள்ளட்டும் என்று. இந்தக் கயிறு கடலுக்கும் நல்லது என்று கண்டவர்கள் சிலர் வெள்ளம் வடிந்த பிறகும் அவிழ்க்கவில்லை. கூண்டை மட்டும் எல்லோரும் அடுத்த வாரமே கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

“நீங்க சிவகாசிப் பக்கந்தான அண்ணாச்சி, ஆபத்துக்கு விட ராக்கெட் நாலு கொண்டுவாங்களேன்” என்ற வேண்டுகோள் ஒவ்வொரு தீபாவளிக்கும் வரும். மறுத்துவிடுவேன். நமுத்த பட்டாசும் பெட்ரோலும் ஒரே படகில் எதற்கு? கடலில் ஆபத்துக்குச் சிவப்புதான் அடையாளம். கப்பல்களில் வைத்திருக்கும் பாராசூட் ராக்கெட் 300 மீட்டர் உயரத்துக்குப் போய் நாற்பது வினாடியாவது எரிந்துகொண்டே இறங்க வேண்டும். கையில் பிடிக்கும் தீப்பந்தம் ஒரு நிமிடம் எரிய வேண்டும் என்று சர்வதேச விதி. தீபாவளி ராக்கெட் பூவிரித்து முடியும் நேரத்தில் எவனும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். பார்த்தாலும் ஏதோ கோயில் கொடை என்றுதான் நினைப்பான். கைத்தீப்பந்தம் இரண்டு வாங்கித் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். கூடவே ஒரு விசில், வெயிலைத் திருப்பி அடிக்க ஒரு பழைய சி.டி. தட்டு. கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீசின் 1093 இரண்டையும் படகின் உட்பக்கத்தில் பெயின்ட்டில் எழுதிவிடுவது என் வழக்கம். போனில் பதிந்து வைத்திருப்பது போன் நனைந்தால் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் பதினைந்து குதிரைதான் வேண்டும் என்று நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் சொல்வது நியாயம். முகத்துவாரத்தில் கச்சான் காற்றுக் காலத்து அலையை எதிர்த்து ஏறிப் போக வேண்டியவருக்குக் கையில் கொஞ்சம் மிச்சச் சக்தி வேண்டும்தான். அப்படிப்பட்டவருக்கு மறுப்புச் சொல்லாமல் மாட்டிக் கொடுக்கிறேன். ஆனால் முதலில் பின்பலகையைச் சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்ப்பேன். டொக்கென்று கேட்டால் உள்ளே பிளைவுட் நல்லபடி இருக்கிறது. மொத்தென்று கேட்டால் பழைய போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே கூழாகிக் கிடக்கிறது. அதன் மேல் பெரிய எஞ்சினை மாட்டுவதற்கில்லை. உட்பக்கத்து பைபரை அறுத்து எடுத்து, மக்கியதை முழுக்கச் சுரண்டி, மரைன் பிளைவுட் இரண்டு அடுக்கு ரெசினோடு ஒட்டி, மேலே மேட் போட்டு, மூலைகளில் பக்கச்சுவரோடு அகலமாகப் பிடித்து விட வேண்டும். போல்ட் துளையைத் தேவைக்கு மேல் பெரிதாகக் குடைந்து, ரெசின் கலவையால் அடைத்து, காய்ந்த பிறகு அதன் நடுவில் மறுபடி துளையிட்டால் மரத்துக்கு இனித் தண்ணீர் படாது. 316 ஸ்டீல் போல்ட், உள்ளே அகலமான தகடு, துளை நிறையச் சீலன்ட். மூன்று நாள் வேலை. மூன்று நாள் கடலுக்குப் போகாவிட்டால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று படகுக்காரர் தலையைச் சொறிவார். அந்த மூன்று நாளும் பழைய பத்தைக் கழற்றி, நேர்சட்டம் பிடித்து, காத்தாடி மாற்றிப் பக்கத்துப் படகில் மாட்டிக் கொடுப்பேன், ஓட்டிப் பார்க்கட்டும் என்று. சிலர் நாலாவது நாள் வந்து, பலகை வேலைக்குக் காசைக் கொடுத்துவிட்டு, பத்தையே மறுபடி மாட்டச் சொல்லிவிட்டுப் போவார்கள். சிலர் பதினைந்தைத்தான் மாட்டச் சொல்வார்கள். அவர்களிடம், எஞ்சினை மாற்றினால் மீன்வளத் துறையில் பதிவுச் சான்றிதழிலும் ஏற்றிவிட வேண்டும் என்று ஞாபகப்படுத்திவிட்டு, பியூஸ் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்ப்பேன்.